ஹாம்பேர்க் மைதானத்தில் ஐந்து முகங்கள்

பிற நாட்டு நகரங்களுக்குச் செல்வோர் மாளிகைகளையும் தேவாலயங்களையும் கண்டு மீள்வது வழக்கம். ஜேர்மனியின் பெருந் துறைமுகமாகிய ஹாம்பேர்க்குக்குச் சென்ற ஆண்டு சென்ற நாமோ, ஒரு வெறும் மைதானத்தைக் காண்பதற்கென்றே ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டோம். உடன் வந்த எமது மருமகன், இசைக் குழுக்களைப் படம் பிடிப்பதில் பெருவிருப்புடையவன். றொக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் நாம், அவனுடைய வற்புறுத்தலுக்காகவே புறப்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாங்க்ட் பவுலி நிலையத்தில் இறங்கியதும் எதிரே விரிகிறது ஹைலிகன்கைஸ்ட்பெல்ட் என்னும் அம் மைதானம். ஆண்டுக்கு மூன்று முறை இங்கே பெரிய களியாட்டச் சந்தை கூடும். நாம் சென்ற வேளையில் இராட்டினமும் இல்லை, கூட்டமும் இல்லை. இரண்டாம் உலகப் போரிலே கட்டப்பட்ட பாரிய கொங்கிறீற்றுக் கோட்டை ஒன்று மட்டும் ஓரத்தில் மௌனமாக நின்றது.

1960ஆம் ஆண்டு ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து ஐந்து இளைஞர்கள் இந்நகருக்கு வந்தனர். பீட்டில்ஸ் என்ற பெயரை அப்பொழுது உலகம் அறியாது. படமாளிகை ஒன்றின் பின்புறத்திலே இருண்ட அறைகளில் உறங்கி, இரவுதோறும் பல மணி நேரம் பாடினர். கைசர்கெல்லர் என்னும் நிலவறை விடுதியில் அவர்களுடைய பாட்டைத் தற்செயலாகக் கேட்ட கிளவுஸ் போர்மன் என்ற ஓவிய மாணவர், தம் தோழி அஸ்ட்ரிட் கிர்ச்ஹேரை அங்கு அழைத்துச் சென்றார். அப்பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. புகைப்படக் கலைஞர் ஒருவரின் உதவியாளர். அவருக்கு ஆங்கிலம் மிகச் சொற்பம். எனினும் நட்பு வேரூன்றியது. அதன் பின்னரே அவர்களை இந்த மைதானத்துக்கு அழைத்து வந்து படம் பிடித்தார்.

அவர் கையாண்டது ரொலைக்கோர்ட் என்னும் கருவி. அதனை முகத்துக்கு நேரே உயர்த்துவதில்லை. மேற்புறத்திலுள்ள கண்ணாடியில் தெரியும் உருவத்தைத் தலை குனிந்து நோக்க வேண்டும். அவ்வுருவமும் இடம் வலமாக மாறித் தெரியும். ஒரு சுருளிலே பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். ஆகவே அவசரத்துக்கு அங்கே இடமில்லை. எதிரில் நிற்பவர் காண்பது தம்மை நோக்கி நீட்டிய ஒரு குழாயை அன்று; தமக்கு முன்னே தலை வணங்கி நிற்கும் ஒரு மனிதரை. இதனை மருமகன் விளக்கியபொழுது, கருவியிலேயே ஒரு பணிவு அமைந்திருப்பதை எண்ணி வியந்தோம்.

அப்படங்களிலே சந்தை வண்டிகளுக்கும் இரும்புப் பொறிகளுக்கும் இடையே ஐவரும் இசைக் கருவிகளுடன் நிற்கின்றனர். எவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஜோர்ஜ் ஹரிசனுக்கு அன்று பதினேழே வயது. எமது உயர்தர வகுப்பிலே முன்வரிசையில் அமரும் பிள்ளையின் வயது! ஊரார் கேட்டது இரைச்சல். அப்பெண் கண்டது வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்த பிள்ளைகளை.

மைதானத்திலிருந்து றீப்பர்பான் வீதி வழியே நடந்தோம். மாலுமிகளின் கேளிக்கைகளுக்குப் பெயர் பெற்ற அவ்வீதி, காலையிலே கழுவித் துடைத்த முகத்தோடு கிடந்தது. அதன் கிளையாகிய தெருவின் பெயர் குறோஸ பிரைஹைட். பெருஞ் சுதந்திரம் என்பது பொருள். முற்காலத்தில் பிற சமயத்தோர் தம் வழிபாட்டைத் தடையின்றி நடத்த இடமளித்ததால் வந்த பெயராம். கத்தோலிக்க தேவாலயம் ஒன்று இன்றும் விடுதிகளின் நடுவே நிற்கின்றது. தெருமுனையில் 2008இல் அமைத்த பீட்டில்ஸ் சதுக்கம் உண்டு. இசைத்தட்டைப் போன்ற வட்டத் தரையில், உலோகக் கோட்டுருவங்கள் ஐந்து. உள்ளே வெறுமை, பயணிகள் அவ்வெறுமைக்குள் புகுந்து நின்று தம்மையே படம் பிடிக்கின்றனர்.

ஐவருள் ஸ்டுவட் சட்கிளிப் என்பவர் அஸ்ட்ரிட்டின் காதலராகி, இசையை விடுத்து ஓவியம் பயில இந்நகரிலேயே தங்கினார். அஸ்ட்ரிட்டின் வீட்டு மேன்மாடத்து அறையே அவரது ஓவியக்கூடம். 1962 ஏப்ரல் 10ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் இருபத்தொரு வயதிலே அவர் மறைந்தார். மூன்று நாட்களின் பின், அதே தெருவில் திறக்கப்பட்ட ஸ்டார் கிளப்பிலே நண்பர்கள் மேடையேற வேண்டியிருந்தது.

அவ்வாண்டில் அந்த மேன்மாடத்து அறையிலே அஸ்ட்ரிட் எடுத்த படம் ஒன்றை மருமகன் காட்டினான். ஜோன் லெனன் அமர்ந்திருக்கிறார். பின்னே ஜோர்ஜ் நிற்கிறார். ஒளி ஒருபுறமாகவே விழுகிறது. பிரிவுற்ற மூவர் அவ்வறையில். ஒருவர் கையிலே கருவி. அவ்வேளையில் படம் பிடிப்பது தகுமா என்ற ஐயம் எமக்கு எழுந்தது. நெடுநேரம் பார்த்த பின் ஐயம் தீர்ந்தது. அந்நியர் எடுத்திருந்தால் அது களவு. அவளோ அத்துயரின் பங்காளி. துயருற்றோர் மறைக்காது காட்டிய முகத்தை அவள் காத்து வைத்தாள்.

பாதி ஒளியும் பாதி நிழலுமான அந்த முறையே 1963இல் வெளிவந்த இசைத்தட்டின் உறையிலும் தோன்றி உலகெங்கும் பரவியது; அப்படத்தை எடுத்தவர் ரொபேட் பிறீமன். அஸ்ட்ரிட்டுக்குக் கிட்டிய ஊதியம் சொற்பமே. பின்னாளில் படம் பிடிப்பதையே அவர் பெரிதும் கைவிட்டார். 2020 மே மாதத்தில் இந்நகரிலேயே காலமானார்.

திரும்பும் வழியில், தெருவோரத்தில் கித்தார் வாசித்த இளைஞன் ஒருவனைக் கண்டோம். மருமகன் கருவியை எடுத்தான். பிறகு பையிலேயே வைத்துவிட்டு, அருகே சென்று அவனுடன் பேசத் தொடங்கினான். படம் எடுக்கவே இல்லை.

ஊர் மீண்டு கல்லூரி தொடங்கிய முதல் நாள். வரவுப் பதிவேட்டைத் திறக்குமுன், பதினேழு வயது முகங்களைச் சிறிது நேரம் பார்த்திருந்தோம். இருபது ஆண்டுகளாகப் பெயர்களை வாசித்து வந்த நமக்கு, அது புதிய பாடமாக இருந்தது.