கட்டை விரலின் தீர்ப்பு

நாவலை முடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கொடைக்கானலுக்கும் அப்பால் மேல்மலையில் இருக்கும் போளூருக்குப் போயிருந்தேன். நாவல் முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பையனுக்கு அநியாயம் செய்துவிட்டுத் திரும்பினேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பயிர் செய்கிறவர். படிப்படியாக இறங்கும் அவருடைய வயல்களின் ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதை. சாயங்காலமானால் பையன்கள் அதில் ஓடுவார்கள். அவர்களில் ஒரு நெட்டையன், ஒரு குட்டையன்; இருவருக்கும் பதின்மூன்று வயது இருக்கும். யார் வேகம் என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. "ஜெயிக்கிறவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். எழுத்தாளனுக்கு வாய்தான் சத்துரு.

பாதையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஓட இடமில்லை. ஆகவே தனித்தனியாக ஓடுவது, நான் கைப்பேசியில் நேரம் பார்ப்பது என்று ஏற்பாடு. தூரம் 150 மீட்டர். அந்தக் கோடியில் ஒரு வாண்டுப்பயல் விசில் ஊதும் அதே கணத்தில் சிவப்புத் துண்டைக் கீழே போட வேண்டும்.

முதலில் நெட்டையன். மூடுபனி இறங்கியிருந்தது, துண்டும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. விசில் காதில் விழுந்ததும் தட்டினேன். 24.1 விநாடி. குட்டையன் முறை வந்தபோது பனி விலகிவிட்டது. துண்டு விழுவதைக் கண்ணால் பார்த்துத் தட்டினேன். 24.4. தீர்ப்புச் சொல்லிவிட்டேன். குட்டையன், "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். முகத்தில் மட்டும் பரவாயில்லை என்று எழுதியிருக்கவில்லை.

ராத்திரி படுத்த பிறகுதான் சுரீர் என்றது. ஒளி வந்து சேர நேரமே ஆகாது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். 150 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 0.44 விநாடி வேண்டும். நெட்டையன் அவ்வளவு நேரம் ஓடிய பிறகே என் கடிகாரம் ஓடத் தொடங்கியது! குட்டையனுக்கு அந்தச் சலுகை இல்லை. இதற்காகத்தான் அந்தக் காலத்திலிருந்தே ஓட்டப் பந்தயங்களில் நேரம் பார்க்கிறவர்களுக்கு, 'துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்காதே, புகையைப் பார்' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு கை தவறலாம் என்று மூன்று பேர் பார்ப்பார்கள். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரமே கணக்கு. முடிவுக் கோட்டிலும் தலையோ கையோ காலோ எட்டினால் போதாது. மார்பு எட்ட வேண்டும்.

பெரிய இடங்களிலேயே விரலுக்கும் யந்திரத்துக்கும் ஒத்துப்போனதில்லை. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் நம் மில்கா சிங் நான்காவதாக வந்தார். கைக்கடிகாரம் சொன்னது 45.6; யந்திரம் சொன்னது 45.73. விரல் துப்பாக்கிக்குப் பிறகுதான் விழித்துக்கொள்கிறது. யந்திரமோ துப்பாக்கியோடு சேர்ந்தே புறப்படுகிறது. 1998-ல் பரம்ஜித் சிங் 45.70-ல் ஓடி அந்தத் தேசிய சாதனையை முறியடித்தார். 45.6-ஐ 45.70 எப்படி முறியடிக்கும் என்று கேட்டால், எந்தக் கடிகாரம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்! 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நூற்றில் ஒரு பங்கு விநாடியில். அதை எந்த விரலும் கண்டுபிடித்திருக்காது. கோட்டை மட்டுமே மெல்லிய இடுக்கு வழியாக இடைவிடாமல் படமெடுக்கும் காமிராதான் அந்தத் தீர்ப்பைச் சொன்னது.

காலையில் இருவரையும் கூப்பிட்டு என் தவறைச் சொன்னேன். நெட்டையன் ஒன்றும் பேசாமல் தரையைக் கால் கட்டைவிரலால் கீறிக்கொண்டிருந்தான். குட்டையனின் கண்கள் பளபளத்தன.

"அப்போ நான்தான் ஜெயிச்சேனா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். 24.1-உடன் 0.44-ஐக் கூட்டினால் 24.5க்குச் சற்று மேல், இவனுடையது 24.4. வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அந்த அளவு என் கட்டை விரலே முன்னே பின்னே போகக்கூடியது. நேற்று ஒரு பொய்த் தீர்ப்புச் சொன்னேன், இன்று இன்னொன்றா?

"எனக்குத் தெரியாதுடா, தம்பி. நீ தோற்கவில்லை என்பது மட்டும் தெரியும்" என்றேன்.

"மறுபடியும் ஓடலாமே" என்றான் நெட்டையன், தலை நிமிராமலே. ஆனால் அன்று பூராவும் பனி விலகவே இல்லை. மறுநாள் விடியற்காலை எனக்குப் பஸ்.

கொடைக்கானலில் இறங்கி ஒரு ஜோடிக்குப் பதிலாக இரண்டு ஜோடி பூட்ஸ் வாங்கி அனுப்பினேன். கடன் தீர்ந்துவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்து நாள் கழித்து வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசினார். பூட்ஸ் இரண்டு பேருக்கும் சரியாக இருக்கிறதாம். குட்டையன் மட்டும் அவரிடம் ஒரு விஷயம் கேட்கச் சொன்னானாம்:

"அன்னைக்கு நான் ஓடின நேரம் சரியா எவ்வளவுன்னு சாருக்கு எப்பவாவது தெரிய வருமா?"

பதில் சொல்ல என்னிடம் கடிகாரம் இல்லை.