அத்தா புதைத்த தெர்மாகோல்



சென்ற மாதம் லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தென்னங்கன்று நடக் குழி தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் மண்வெட்டியில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் தெர்மாகோல். 1994-இல் அத்தா சவூதியிலிருந்து கொண்டுவந்த தொலைக்காட்சிக்கு அணைகொடுத்து வந்த துண்டு அது. காற்றில் பறந்து அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகக் கூடாது என்று அவர்களே குழிவெட்டிப் புதைத்தார்கள்.

அத்தா வஃபாத்தாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களின் உடல் மண்ணோடு கலந்திருக்கும். அவர்கள் புதைத்த துண்டின் விளிம்போ இன்னும் மழுங்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருந்தேன்.

வேதியியல் படிக்கும் என் மகள் விளக்கினாள். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான். மீதமுள்ளது பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் பாலிஸ்டைரீன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க இயலாது. எரித்தாலோ நச்சுப்புகை எழும்.

இதற்கு மாற்று, நம் பெரம்பலூர் வயல்களில் விளையும் மக்காச்சோளத்திலேயே இருக்கிறது. அதன் மாவுச்சத்தை ஈரத்துடன் சூடாக்கி, அழுத்தத்தோடு சிறு துளை வழியே தள்ளினால், உள்ளிருக்கும் நீர் சட்டென ஆவியாகி, சோளப்பொரிபோல் அது உப்பிவிடும். பொருள்களைத் தாங்கும் மெத்தையாகப் பல நாடுகளில் இது பயன்படுகிறது. நனைந்தால் கரைந்துவிடும் என்பது இதன் குறை. மண்ணுக்கோ அதுவே நன்மை. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் உண்ணத்தகாத எண்ணெய்களையும் தேயிலையிலிருந்து பெற்ற பொருளையும் கொண்டு உருவாக்கிய நுரைப்பொருள் பற்றி 2024-இல் அறிவித்தார்கள். அது மண்ணில் மூன்றே மாதங்களில் சிதைந்துவிடும் என்கிறார்கள்.

தமிழகத்தில் தெர்மாகோல் தட்டுகளும் குவளைகளும் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. எனினும் பெட்டிகளுக்குள் அணையாக வரும் தெர்மாகோல் இன்றும் நம் வீடுகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. புதிய பொருள் மலிவாகக் கிடைக்கும்வரை, நம் வலீமாக்களிலேனும் வாழை இலைக்குத் திரும்பலாம். வெள்ளாற்றங்கரையில் குப்பை சேர்வதைத் தடுக்கலாம்.

மனிதன் மரணித்தபின்னும் மூன்று அமல்கள் தொடரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, பெற்றோருக்காகத் துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. மக்கும் நுரைப்பொருளை ஆராய்வோரின் உழைப்பு பயன்தரும் கல்வியன்றி வேறென்ன? நம் பிள்ளைகளில் சிலரேனும் அத்துறைக்குச் செல்லட்டும்.

அத்தா நல்ல நிய்யத்தோடுதான் அதைப் புதைத்தார்கள். அதன் தன்மையை அன்று அவர்கள் அறியவில்லை. நமக்கு அறிந்த பின்னும் அந்தச் சலுகை உண்டா? துண்டைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு, அதே குழியில் தென்னங்கன்றை நட்டேன். அதன் நிழலும் காயும் அத்தாவின் நன்மைக் கணக்கில் சேர அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.