உரோமைக்குச் சென்ற கைப்பேசிகள்

திருப்பயணம் புறப்படும் நம் முன்னோர் கட்டுச்சோறும் செபமாலையும் இருந்தால் போதும் என்றிருந்தனர். இன்று மூன்றாவதாகக் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. கட்டுச்சோறு கெட்டால் வயிறு மட்டுமே வாடும். கைப்பேசிக் கணக்குக் கெட்டால் குடும்பமே வாடும். நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் லூர்து நகர் சென்று திரும்பினார். ஊர் வந்து சேர்ந்த பின் அவர் கைக்குக் கிடைத்த கட்டணச் சீட்டில் ஒரு மாத ஓய்வூதியத்தை விஞ்சிய தொகை குறிக்கப்பட்டிருந்தது. "நான் ஒருவரையும் அழைக்கவில்லையே, சாமி!" என்று அச்சீட்டை ஏந்தியவாறு அவர் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் சொன்னது உண்மைதான். அவர் அழைக்கவில்லை. அவருடைய சட்டைப்பையில் கிடந்த கருவிதான் தன் போக்கில் படங்களைச் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டும், செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்தது. அதற்குத் தனித் திட்டம் எதுவும் அவர் எடுக்காமையால், அயல்நாட்டுப் பொது விகிதப்படி கணக்கு ஏறிவிட்டது.

ஆகவே 2025ஆம் யூபிலி ஆண்டின் செப்டம்பர் இறுதியில் நாம் 26 பேராய் உரோமை, அசிசி, பதுவை, சுவிட்சர்லாந்தின் ஐன்சீதெல்ன், லூர்து ஆகிய திருத்தலங்களுக்குப் பன்னிரண்டு நாள் பயணம் செல்ல முடிவு செய்தபோது, விசாவுக்கும் கம்பளிக்கும் அடுத்தபடியாகக் கைப்பேசியைப் பற்றிப் பேசவே ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பின்னர், பங்கு மண்டபத்தில் கூடினோம்.

"ரோமுக்குப் போவதால்தான் இதற்கு ரோமிங் என்று பெயரா, சாமி?" என்று வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் கேட்டார். மண்டபம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வெள்ளைக்காரர்களிலும் பலர் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தனர் என்பதைப் பின்னர் அவரிடம் சொல்லத் தவறவில்லை.

ரோமிங் என்பதை நமக்கு விளங்கும் வகையில் கூறுவதாயின், அது குருக்களின் செலபிரெத் போன்றது. ஒரு குருவானவர் அயல் மறைமாவட்டம் சென்று திருப்பலி நிறைவேற்ற விரும்பினால், தம் ஆயர் தந்த சான்றுத் தாளை அங்குள்ளவரிடம் காட்டுகிறார். 'இவர் எம்மவர், நன்னிலையில் உள்ளவர்' என்று அத்தாள் சொல்கிறது. அதுபோலவே நம் கைப்பேசி உரோமையில் விழித்துக்கொண்டதும், அங்குள்ள கோபுரம் இந்தியாவிலுள்ள நம் நிறுவனத்தை விசாரிக்கிறது. 'ஆம், எம் வாடிக்கையாளர். கணக்கை எமக்கு அனுப்புக' என்று மறுமொழி வருகிறது. உபசரித்த நிறுவனம் நம் நிறுவனத்திடம் வாங்குகிறது. நம் நிறுவனம் நம்மிடம் வாங்குகிறது. இரு கை மாறும் பொருள் விலை ஏறாமல் இராது. முன்னரே ஒரு ரோமிங் பேக் எடுத்துக்கொண்டால் இவ்விலை ஒரு வரம்புக்குள் நிற்கும்.

எந்த பேக்கை எடுப்பது? ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, அரசின் பி.எஸ்.என்.எல். எல்லாம் வெவ்வேறு வகை வைத்திருக்கின்றன. விலைகளும் அடிக்கடி மாறுகின்றன. ஆதலின் விலையை இங்கே எழுதுவதில் பயனில்லை. கணக்கிடும் முறையைச் சொல்லலாம். ஒரு பேக் 3000 ரூபாய், பத்து நாளுக்குச் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று 4000 ரூபாய், முப்பது நாளுக்குச் செல்லும். பார்த்த மாத்திரத்தில் முன்னதே மலிவு. ஆனால் நம் பயணமோ பன்னிரண்டு நாள். பதினோராம் நாள் காலையில் மற்றொரு 3000 கொடுக்க நேரும். இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும்: நாள் எப்போது தொடங்குகிறது? சில பேக்குகள் பணம் கட்டிய கணத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். வேறு சில அயல்நாட்டில் முதன்முறை பயன்படுத்தும்போதுதான் தொடங்கும். முன்யோசனையாக ஒரு வாரம் முன்னதாகவே பணம் கட்டுகிறவர் முதல் வகையில் ஏழு நாளை வீட்டிலேயே இழந்துவிடுவார்.

நம்மிடம் ரோமிங் பற்றிக் கேட்ட அந்த அம்மாளின் காரியந்தான் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. அவருடைய கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பவர். மாலை ஏழு மணிக்கு இருவரும் சேர்ந்து செபமாலை சொல்வது நாற்பது ஆண்டுப் பழக்கம். இப்பயணத்துக்கு அவரை வற்புறுத்தி அனுப்பியவரும் அக்கணவர்தாம். "நாள் தவறாமல் ஒரு பத்துமணியாவது அவரோடு சேர்ந்து சொல்ல வேண்டும், சாமி. அதற்கு வழியிருந்தால் வருகிறேன்" என்றார். கல்லூரியில் படிக்கும் பேரன் டேட்டா மிகுதியாக உள்ள பேக் ஒன்றை ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்தான். "பாட்டி வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேசலாம், ஃபாதர்" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் தாத்தாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் வாட்ஸ்அப் இல்லை. தொடுதிரை போனை இயக்க அவருடைய விரல்களும் இடந்தரா. அவ்விருவருக்கும் வேண்டியது டேட்டா அன்று, பேசும் நிமிடங்கள். நாளொன்றுக்கு எட்டு நிமிடமாகக் கணக்கிட்டு, 150 நிமிடம் கொண்ட எளிய பேக் ஒன்றை எடுக்கச் சொன்னோம். நாட்டுப் பட்டியலில் இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்சு மூன்றும் உள்ளனவா என்று விரல் வைத்து வாசித்தோம். பேரன் விரும்பியதில் பாதி விலைக்குக் காரியம் முடிந்தது.

மற்றவர்களுக்கு நாம் சொன்ன யோசனை வேறு. உரோமையில் இறங்கியதும் அந்நாட்டு சிம் அட்டை வாங்கிக்கொண்டால், அதே பணத்துக்கு டேட்டா பன்மடங்கு கிடைக்கும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. இத்தாலியில் வாங்கிய அட்டை பிரான்சிலும், ஒரு வரம்புக்கு உட்பட்டு, உள்ளூர் விலைக்கே பேசும். வாட்ஸ்அப்போ பழைய இந்திய எண்ணிலேயே தொடர்ந்து இயங்கும். ஒரே எச்சரிக்கை: வங்கியின் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், எனவே அதைக் கழற்றி வீசாமல் இரண்டாம் துளையில் வைத்து, டேட்டாவை மட்டும் அணைத்துவிட வேண்டும். இளைஞர்கள் இதை ஆவலோடு ஏற்றனர். நாமும் ஏற்றோம். அதன் விளைவைப் பின்னர்ச் சொல்வோம்.

உரோமையில் கடவுச்சீட்டைக் காட்டி அட்டை வாங்கினோம். இத்தாலியில் பெயர் பதியாமல் அட்டை தரமாட்டார்கள். மறுநாள் புனித பேதுரு சதுக்கத்துக்குள் காலடி வைத்தபோது நம்மவருள் ஒருவர், "இப்போது நாம் வேறு நாட்டுக்குள் வந்துவிட்டோமே, கட்டணம் ஏறுமா?" என்று திடுக்கிட்டுக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1929இல் தனி நாடான வத்திக்கான் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை. 379 என்னும் தனிக் குறியீட்டு எண்கூட அதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நடைமுறையில் இத்தாலியின் 39ஐயே பயன்படுத்துகிறது. 110 ஏக்கருக்கும் குறைவான அந்நிலத்தில் நம் கைப்பேசிகள் இத்தாலியக் கோபுரங்களையே பற்றிக்கொண்டிருந்தன, கட்டணம் ஏறவில்லை. 1931இல் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வானொலி அந்தச் சுவர்களுக்குள் இருந்துதான் உலகோடு பேசத் தொடங்கிற்று என்பதையும், சிற்றலையில் அதன் தமிழ் ஒலிபரப்புக்குக் காத்திருந்த நம் இளமைக் காலத்தையும் அவர்களுக்கு எடுத்துரைத்தோம்.

பிற்பகல் மூன்றரை மணி. ஊரில் அப்போது ஏழு மணி. புனித கதவைக் கடந்து வந்த அம்மாள் சதுக்கத்தின் தூண்வரிசை நிழலில் அமர்ந்து, முந்தானையால் ஒரு காதை மூடிக்கொண்டு, கணவரோடு பத்துமணி சொல்லிக்கொண்டிருந்தார். நாள்தோறும் இக்காட்சி தொடர்ந்தது. அசிசியில், அம்மாதம் 7ஆம் நாள்தான் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகூத்திசின் கல்லறையருகே ஒரு திண்ணை. கணினியில் வல்லவராய்ப் பதினைந்து வயதில் 2006இல் மறைந்த அப்பிள்ளை, ஜீன்சும் விளையாட்டுக் காலணியுமாகக் கண்ணாடிக்குப் பின்னே துயில்கிறார். பதுவையில், புனித அந்தோனியாரின் அழியா நாவை வணங்கிவிட்டு வெளியே முற்றத்தில் ஒரு மரத்தடி.

பதுவையிலிருந்து மிலான் செல்லும் வழியில் சற்றுத் தெற்கே விலகி காஸ்திலியோனேவையும் கண்டோம். 1680இல் வீரமாமுனிவர் பிறந்த ஊர். புனித ஞானப்பிரகாசியாரின் ஊரும் அதுவே. தமிழகம் வந்த பின் அம்முனிவர் தம் பிறந்த மண்ணை மீண்டும் காணவேயில்லை. அவர் எழுதிய கடிதம் இவ்வூரை அடையக் கடலில் எத்தனை மாதம் மிதந்திருக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கையில், நம் குழுவின் இளைஞன் ஒருவன் அவ்வூர்ப் படத்தை ஊரிலுள்ள தன் தங்கைக்கு அனுப்பி, அவளிடமிருந்து மறுமொழியும் பெற்றுவிட்டான். அவளோ பிரசவத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தாள்.

எட்டாம் நாள் கியாசோ எல்லையைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தோம். சில நிமிடங்களில் இளைஞர்களின் கைப்பேசிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. நம்முடையதும் ஓய்ந்தது. சுவிட்சர்லாந்து ஐரோப்பாவின் நடுவே இருப்பினும் ஒன்றியத்தில் சேராத நாடு. 2017ஆம் ஆண்டின் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அந்நாட்டையும் சேர்த்து விற்கும் இத்தாலிய அட்டைகள் உண்டு. நாம் வாங்கியது அத்தகையதன்று. துண்டுத்தாளில் 'எவுரோப்பா' என்ற சொல்லைக் கண்டதும், குருமடத்தில் இலத்தீன் கற்றோம் ஆதலின் இத்தாலியமும் நமக்குத் தெரியும் என்ற செருக்கில், கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்காமலே அனைவரையும் வாங்கச் செய்தோம். அம்மாளுக்காக விரல் வைத்து வாசித்த நாம், நமக்கென்று வரும்போது வாசிக்கவில்லை.

அன்று மாலை கொத்தார்து மலைச் சுரங்கத்தின் வாயிலில் வண்டிகள் நெடுந்தொலைவுக்கு வரிசை கட்டி நின்றன. 1980இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்துக்கு முன் இத்தகைய நெரிசல் வழக்கமாம். இரண்டு மணி நேரம் நின்றோம். ஊரில் இரவு பத்தரை ஆகிவிட்டது. வழக்கமாய் வரும் செய்தி வரவில்லையே என்று வீடுகளில் கலங்கத் தொடங்கியிருப்பார்கள். இந்திய பேக் வைத்திருந்தோர் மூவர். ஒருவருடைய கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மற்றொருவர் தம் நிமிடங்களை உரோமையிலேயே பேசித் தீர்த்திருந்தார். மூன்றாமவர் அம்மாள்.

தங்கையின் செய்தி அறியாமல் அவ்விளைஞன் இருக்கையில் இருப்புக்கொள்ளாமல் தவித்தான். அம்மாள் தம் கைப்பேசியை அவனிடம் நீட்டினார். "பேசு தம்பி. அவள் எப்படியிருக்கிறாள் என்று முதலில் கேள்" என்றார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். வண்டியே ஆரவாரித்தது. அதன்பின் அக்கைப்பேசி வரிசை வரிசையாய்க் கை மாறியது. ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று பேசி, 'மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள்' என்று முடித்தனர். ஐன்சீதெல்ன் மடத்தின் கறுப்பு மாதாவை மறுநாள் காலையில் கண்டு வணங்கினோம். ஆனால் அன்றிரவே நாம் ஒரு தாளில் கணக்குப் பார்த்தோம். அம்மாளின் 150 நிமிடங்களில் அவர் எட்டு நாளில் செலவிட்டது 64. அந்த ஒரு மாலையில் நாம் அனைவரும் சேர்ந்து செலவிட்டது 58. மேலும் நிமிடம் வாங்கித் தருகிறோம் என்று நாம் எவ்வளவோ சொல்லியும் அவர் இசையவில்லை. "இருப்பது போதும், சாமி" என்றார்.

பிரான்சுக்குள் நுழைந்ததும் நம் இத்தாலிய அட்டைகள் உயிர்பெற்றன. பத்தாம் நாளிரவு லூர்து சேர்ந்தோம். மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு, முதன்முறையாக, அம்மாள் ஊருக்குப் பேசவில்லை. எஞ்சியிருந்தவை 12 நிமிடங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் மெழுகுதிரிப் பவனிக்கென்று அவற்றை அவர் முடிந்து வைத்திருந்தார். ஊரில் அப்போது நள்ளிரவு கடந்து அரை மணி. "அவர் விழித்திருப்பாரா, அம்மா?" என்று கேட்டோம். "நேற்றே சொல்லி வைத்திருக்கிறேன், சாமி. தூங்கமாட்டார்."

1858இல் பெர்னதெத்துக்கு மாதா காட்சியளித்த மசபியேல் கெபியின் அருகிலிருந்து பவனி புறப்பட்டது. பன்னாட்டு மக்களின் ஆயிரக்கணக்கான மெழுகுதிரிகள். சக்கர நாற்காலிகளில் நோயாளிகள் முன்னே சென்றனர். பல மொழிகளில் அருள்நிறை மந்திரம் ஒலித்தது. இடையிடையே 'ஆவே' என்று எல்லாரும் மெழுகுதிரியை உயர்த்தினர். அம்மாள் ஒரு கையில் மெழுகுதிரியையும் மறு கையில் கைப்பேசியையும் உயர்த்திப் பிடித்து நடந்தார். கை நோகுமே என்று நாம் கைப்பேசியை வாங்கிப் பிடித்துக்கொண்டோம். காதருகே வைத்தபோது, ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, குழறிய குரலில் ஒருவர் 'ஆவே' என்று சேர்ந்து பாடுவது கேட்டது. பன்னிரண்டாம் நிமிடத்தில் அழைப்பு அறுந்தது. நம் இத்தாலிய சிம்மிலிருந்து உடனே அவருடைய எண்ணை அழைத்துக் கொடுத்தோம். அந்த அழைப்புக்கு நிமிடத்துக்கு என்ன விலை என்று அப்போது நாம் கேட்கவில்லை.