ரெவெல் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தை

பிரான்ஸ் நாட்டின் தெற்கே துலூஸ் நகரத்திலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் போனால் ரெவெல் என்று ஒரு ஊர். ஜனத்தொகை சுமார் 10,000. 1342இல் ஆறாம் பிலிப் என்கிற ராஜா சாசனம் கொடுத்து உண்டாக்கினது. அந்தக் காலத்தில் அந்தச் சீமை முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் புது ஊர்கள் கட்டியிருக்காங்க. நடுவில் சதுரமாக ஒரு மைதானம், அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி தெருக்கள், குடிவருகிறவங்களுக்கு மனை, கூடவே சந்தை கூட்டிக்கொள்ள உரிமை. நம்ம ஊர்களில் நடுவில் கோயில் இருக்கும். இங்கே நட்ட நடுவில் இருப்பது சந்தை. சர்ச்கூடத் தள்ளித்தான் இருக்கு.

மகள் துலூஸில் விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 2024 மே முதல் வாரம் நானும் வீட்டுக்காரம்மாவும் அங்கே இருந்தப்போ, "அப்பா, உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு"ன்னு கூட்டிட்டுப் போனாள். மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார்.

சதுக்கத்தின் நடுவில் பெரிய கொட்டகை. 14ஆம் நூற்றாண்டில் போட்டது. தடித் தடியாக ஓக் மரத் தூண்கள், மேலே ஓடு, நடுவில் கல் கட்டடமும் மணிக்கூண்டும். ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன், இரும்பு மாதிரி இருந்தது. எழுநூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இதன் அடியில் ஜனங்க வெங்காயமும் அவரையும் விற்றிருக்காங்க என்று நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. எங்க பக்கம் சந்தை மேடைக்குப் போட்ட தகரம் பத்து வருஷம் தாங்கலை. அது வேற கதை.

கடைகளில் முதலில் என் கண்ணில் பட்டது சின்னச் சின்னப் பலகைகள். என்ன காய், எங்கே விளைஞ்சது, கிலோ என்ன விலை என்று எழுதி வெச்சிருக்கணும், அது சட்டம். வாங்கி விற்கிறவங்களும் இருக்காங்க. சொந்தமாக விளைவிச்சவர் 'உற்பத்தியாளர்' என்று தனியா எழுதிக்கிறார். நம்ம உழவர் சந்தையும் 1999இல் இதே யோசனையில் வந்ததுதான். ஆனா என் காய் பெரும்பாலும் மண்டிக்குத்தான் போகுது. அங்கே ஏலத்தில் என் தக்காளிக்கு விலை சொல்வது நான் இல்லை. இங்கே அந்தப் பலகையில் சாக்பீஸால் விலை எழுதுற கையைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

தக்காளி நாற்று விற்ற ஒரு அம்மா, வாங்கினவங்ககிட்ட எல்லாம் ஏதோ எச்சரிக்கை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மகளைக் கேட்டேன். மே 11, 12, 13 மூணு நாளும் 'பனிப் புனிதர்கள்' நாளாம். அது தாண்டுறதுக்குள்ளே நட்டால் ராத்திரிப் பனியில் நாற்று கருகிடும், பொறுத்து நடுங்கன்னு சொல்றாங்களாம். நாற்றை விற்றுட்டு நடாதேன்னு சொல்ற வியாபாரம்!

அஸ்பாரகஸ் விற்ற ஒரு பெரியவர்கிட்டதான் ரொம்ப நேரம் நின்னோம். நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தக்காரச் செடி அது. நாம கிழங்கை எடுக்கிறோம், அவங்க மண்ணைவிட்டு வெளியே வர்ற தண்டைச் சாப்பிடறாங்க. மேலே மண்ணை அணைச்சு வெயில் படாம வளர்த்தால் வெள்ளைத் தண்டு. நட்டால் மூணாவது வருஷம்தான் ஒழுங்கா வெட்ட முடியும், அப்புறம் பத்து வருஷம் போல வருமானம் தரும். கிலோ 9 யூரோ எழுதியிருந்தார். நம்ம காசுக்கு எண்ணூறு ரூபாய். யாரும் பேரம் பேசலை. அப்பாடா, இங்கேயாவது விவசாயி நல்லா இருக்கான்னு தோணுச்சு.

ஆனா வர்ற வழியில் ஒரு ஊர்ப் பெயர்ப்பலகை தலைகீழாக மாட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். அதைக் கேட்டதும் பெரியவர் முகம் மாறிடுச்சு. 2023 நவம்பரில் பக்கத்து மாவட்டமான தார்னில் விவசாயிகள் ஆரம்பிச்சதாம். 'எல்லாம் தலைகீழா நடக்குது' என்று சொல்லத்தான் பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினாங்க. அது நாடு முழுக்கப் பரவி, 2024 ஜனவரியில் துலூஸுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் டிராக்டரையும் வைக்கோல் கட்டையும் போட்டு மறிச்சாங்க. டிராக்டர் டீசலுக்கு வரி, மாட்டுக்கு வந்த நோய், வெளிநாட்டிலிருந்து மலிவா வர்ற சரக்கு, எதுக்கெடுத்தாலும் காகிதம். டீசல் வரி உயர்வை அரசாங்கம் உடனே கைவிட்டது.

"சந்தை வாரத்துல ஒரு காலைப்பொழுது. மிச்ச நாளும் பயிர் நிக்குதே" என்றார். 30 ஏக்கர் வெச்சிருக்கார். வயசு 64. பையன் விமானக் கம்பெனியில், துலூஸில். இதைக் கேட்டு மகள் சிரிச்சாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கிட்டாள். 2020 கணக்கெடுப்பில் பிரான்சில் பண்ணைகள் சுமார் 3,90,000. அதுக்கு முந்தின பத்து வருஷத்தில் மட்டும் ஒரு லட்சம் குறைஞ்சிருக்கு. அந்தக் கணக்கில் இருக்கிறவங்க எல்லாம் இவர் மாதிரி ஆளுங்கதான் போல.

உங்க ஊரில் தக்காளி என்ன விலைன்னு கேட்டார். ஒருநாள் 40 ரூபாய், ஒருநாள் 3 ரூபாய் என்றேன். மகள் 3 ரூபாயை யூரோவாக்கிச் சொன்னாள். "கிலோவுக்கா?" என்று ரெண்டு தடவை கேட்டார்.

கிளம்பும்போது ஒரு பிடி தண்டைத் தனியாகத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன்னுட்டார். மகள்கிட்ட ஏதோ கேட்டார். அவள் எனக்குச் சொல்லாமல் தானே பதில் சொன்னாள். காரில் ஏறினதும் என்னம்மா கேட்டார் என்றேன்.

"உங்களுக்கு அப்புறம் நிலத்தை யார் பார்த்துக்குவாங்கன்னு கேட்டார்ப்பா."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் பேசலைன்னு சொன்னேன்."

வீட்டுக்காரம்மா பின்சீட்டில் அந்தத் தாளைப் பிரிச்சு, இதைப் பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாள்.