தேவியின் மலை, பெண்களுக்கு மூடிய பாதை

ஃபூஜி மலைக்கு ஏறும் யோஷிதா பாதை பேருந்து நிற்கும் இடத்தில் தொடங்குவதில்லை. ஃபூஜியோஷிதா நகரில், சுமார் 850 மீட்டர் உயரத்தில், கிதாகுச்சி ஹொங்கு செங்கென் கோயிலின் பின்புறம் தொடங்குகிறது. நெடுமரங்களுக்கு நடுவே பாசி பிடித்த கல்விளக்குகள் வரிசையாக நிற்கின்றன.

இங்கே உறைபவள் கொனோஹனசகுயா ஹிமே. வயிற்றுப் பிள்ளை தன்னுடையதுதானா என்று கணவன் ஐயப்பட்டபோது, பேறுகாலக் குடிசைக்குத் தீ வைத்து, அதனுள்ளேயே மூன்று பிள்ளைகளைப் பெற்றவள் என்கிறது புராணம். தீ தீண்டாத தாயிடம் நெருப்பு மலையை ஒப்படைத்தார்கள். 864-இல் ஃபூஜி வெடித்து எரிகுழம்பு ஒரு பேரேரியைத் தூர்த்தது. மறு ஆண்டே மலையின் வடபுறத்திலும் செங்கென் தெய்வத்துக்குக் கோயில் எழுப்ப அரசவை ஆணையிட்டது.

காட்டுக்குள் ஏறினால் உமாகயேஷி வருகிறது. குதிரைகள் திரும்பிப் போகும் இடம் என்று பொருள். தோரீ வாயிலின் இருபுறமும் கல்லில் குரங்குகள். இதற்கு மேல் மண் புனிதம்; மனிதர் நடந்தே ஏற வேண்டும்.

பாதை அடிமுதல் உச்சிவரை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அக்காலத்தில் இரண்டாம் நிலையைத் தாண்டப் பெண்களுக்கு அனுமதி இருக்கவில்லை. பெண் தெய்வத்தின் மலையில், அதுவும் பிள்ளைப்பேற்றால் தன்னை நிரூபித்தவளின் மலையில், பெண்ணுடல் தீட்டு என்று தடுத்தது பெரும் அநீதி. அதை மறுத்தவர் எதோ நகரில் எண்ணெய் விற்ற ஜிகிக்யோ மிரோகு. ஆணும் பெண்ணும் சமம் என்று போதித்த அவர், 1733-இல் இதே பாதையின் மேற்பகுதியில், எபோஷி பாறையருகே 31 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். அவர் வழிவந்த கொதானி சன்ஷியோடு 1832-இல் தகயாமா தத்சு என்ற பெண் ஆண்வேடத்தில் உச்சியை அடைந்தார். தடை நீங்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

ஐந்தாம் நிலையில் காடு முடிகிறது. 1964-இல் போடப்பட்ட சாலை வழியே வரும் கூட்டம் இங்கேதான் இறங்குகிறது. கீழே கோயிலும் காடும் ஆளரவமின்றிக் கிடக்க, பாதி வழியிலிருந்து தொடங்கும் ஏற்றம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

பிறகு எரிமலைக் கரடும் சாம்பலும்தான். எட்டாம் நிலைக்கு மேல் உள்ள மண் தென்புற நகரான ஃபூஜினோமியாவின் செங்கென் பெருங்கோயிலுக்கு உரியது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்சியில் குசுஷி கோயிலில் பாதை முடிகிறது. அப்பால் எரிவாய்.

ஃபூஜிக்குப் போகிறவர்களே, ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். பேருந்தை விட்டுவிட்டுத் தேவியின் வாசலிலிருந்து நடங்கள்.