பதினேழாம் வாசல்

ஒரு சாமான் கெட்டுப்போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் பலருக்கு அரை நிமிஷம் போதும். விளக்கு எரியாவிட்டால் பல்பு போய்விட்டது. ரேடியோ பேசாவிட்டால் ரேடியோ போய்விட்டது. எது போயிற்று, எங்கே போயிற்று என்று கேட்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். பணம் இருக்கிறவர்களுக்கு இது சௌகரியமான பழக்கந்தான். இல்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை ஆம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பார்த்தேன். அதைச் சொல்லுமுன் 'மிடி' என்ற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம்; கதை படிக்கிறவர்களுக்கும் புரிகிற சமாசாரந்தான்.

எலெக்ட்ரானிக் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் சப்தம் வருகிறது அல்லவா? அதே சமயம், வாத்தியத்தின் பின்புறத்துத் துவாரம் வழியாக ஒரு கடுதாசியும் புறப்பட்டுப் போகிறது. அந்தக் கடுதாசிதான் மிடி. அதில் சங்கீதம் துளிக்கூடக் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எந்த வாசலுக்குரியது என்ற மூன்று விவரங்கள் மட்டும் எண்களாக எழுதியிருக்கும். கட்டைகளுக்கு நடுவிலிருக்கும் 'ஸி'க்கு எண் 60. வேகத்துக்கு 0 முதல் 127 வரை. வாசல்கள் 16. விநாடிக்கு 31,250 துடிப்புகள் என்ற கதியில் ஓடுவதால், ஒரு கடுதாசி போய்ச் சேர விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.

ஒரு கம்பெனியின் வாத்தியம் இன்னொரு கம்பெனியின் வாத்தியத்தோடு பேசாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷியும் முன்னால் நின்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே பாஷைக்குச் சம்மதிக்க வைத்தார்கள். 1983 ஜனவரியில் ஒரு கண்காட்சியில் இரண்டு கம்பெனிகளின் வாத்தியங்களை ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். முப்பது வருஷம் கழித்து, 2013-ல், இருவருக்கும் அதற்காக கிராமி விருது கிடைத்தது.

இனி ஆம்பூருக்கு வரலாம். பாலாற்றையொட்டி வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை தோலும் செருப்பும்தான் ஊருக்குச் சோறு போடுகின்றன. என் நண்பர் முப்பது வருஷம் டேனரியில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். ஞாயிறு காலையில் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவளும் அவள்தான். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடும்போது பின்னால் தம்புரா சுருதி வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தம்புராவுக்கு எங்கே போவது? இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தச் சுருதியில் கம்ப்யூட்டர் தம்புரா மீட்ட வேண்டும் என்று யோசனை செய்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று அவளிடம் இருந்தது. 'ப்யூர் டேட்டா' என்ற மென்பொருளை அதில் இறக்கியிருந்தாள். மில்லர் பக்கெட் என்பவர் 1996-ல் வெளியிட்டது, காசு கிடையாது. நிரல் எழுதுவதற்குப் பதில், சின்னச் சின்னப் பெட்டிகளைத் திரையில் வைத்துக் கோடுகளால் இணைத்தால் போதும். இரவு ஷிஃப்டு இல்லாத நாட்களில் உட்கார்ந்து தம்புராவை வரைந்து முடித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் சொடுக்கினால் தம்புரா அழகாக ஒலித்தது. கீபோர்டை அழுத்தினால் மட்டும் ஒன்றுமில்லை.

வேலூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். "உள்ளே போர்டு போய்விட்டது, மாற்ற எண்ணாயிரம் ஆகும்" என்றார்களாம். பழையதாக வாங்கிய கீபோர்டு. வாங்கிய விலையே ஒன்பதாயிரம். அடுத்த சனிக்கிழமை இரண்டாயிரத்துக்கு அதை ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

"நான்தான் எதையோ தப்பாத் தொட்டுக் கெடுத்துட்டேன் சார்" என்றாள் என்னிடம். அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. கடைக்காரர் சொன்னதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தன் மேல்தான் சந்தேகம்.

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவள் தகப்பனார் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வர்ற தோலைப் பாத்தியா, போற தோலைப் பாத்தியா கண்ணு?"

நான் விழித்தேன். அவர் விளக்கினார்: "டேனரியில கறை கடைசியிலதான் சார் தெரியும். சாயம் போட்டவனைத் திட்டுவாங்க. ஆனா, மாடு உசுரோட இருக்கச்சொல்லவே முள்ளு கீறியிருக்கும். அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் வர்றதையும் போறதையும் கையில வெச்சுப் பாக்கணும். எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா நடுவுல எடுத்துப் பாரு. நடுவுல நல்லா இருந்தா முன்பாதிக்குக் கவலையில்லை."

கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலைக்கு இதைவிட நல்ல யோசனையை நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை.

நடு எங்கே இருக்கிறது? கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே கம்பியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு விளக்கு. கடுதாசி வந்தால் அது மினுக்க வேண்டும். கட்டையை அழுத்தினாள், விளக்கு மினுக்கவில்லை. ஆகவே தொல்லை முன்பாதியில். கம்பியின் ஒரு முனையில் 'இன்' என்றும் மற்றதில் 'அவுட்' என்றும் போட்டிருந்தது. கீபோர்டின் 'இன்' துவாரத்தில் 'இன்' முனையைச் செருகியிருந்தாள். யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அந்த எழுத்து கம்ப்யூட்டரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது: கம்ப்யூட்டருக்கு உள்ளே வருவது கீபோர்டிலிருந்து வெளியே போவதுதானே? இரண்டையும் மாற்றிச் செருகியதும் விளக்கு கண் சிமிட்டியது. போர்டு உயிரோடுதான் இருக்கிறது! எண்ணாயிரம் ரூபாய் அந்தக் கணமே மிச்சம்.

ஆனாலும் தம்புரா பேசவில்லை. அவள் முகம் மறுபடி வாடிற்று. ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தால், முதலாவதைச் சரிசெய்ததே வீண் என்று தோன்றிவிடும். பலர் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

அந்த மென்பொருளிலேயே பரிசோதனைக்கென்று ஒரு சன்னல் உண்டு. வருகிற எண்களை அப்படியே காட்டும். அதைத் திறந்து கட்டையைத் தொட்டாள். 60 என்று வந்தது. வேகம் 72. வாசல் 17.

பதினேழா? மிடியில் வாசல்களே பதினாறுதானே! நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விஷயம் இதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியங்களை இணைத்தால், ப்யூர் டேட்டா முதலாவதற்கு 1 முதல் 16 வரையும், இரண்டாவதற்கு 17 முதல் 32 வரையும் வாசல் எண்களைக் கொடுக்கிறது. அமைப்புப் பட்டியலைப் பார்த்தால், முதலிடத்தில் வேறு ஏதோ ஒரு மென்பொருள் உண்டாக்கி வைத்த வெறும் பெயர், இரண்டாமிடத்தில் கீபோர்டு. தம்புராவோ முதல் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. கடுதாசிகள் ஒழுங்காகப் பதினேழாம் வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்தன; திறந்து பார்க்க ஆளில்லை. வெறும் பெயரை நீக்கிக் கீபோர்டை முதலிடத்தில் வைத்தாள். தம்புரா பேசிற்று.

பேசியது கொஞ்சம் அதிகமாகவே பேசிற்று. அழுத்தினால் ஒருமுறை, விரலை எடுத்தால் இன்னொருமுறை. இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள். விரலை எடுக்கும்போது 60, 0 என்று வந்தது. வேகம் 0 என்றால் கையை எடுத்தாகிவிட்டது என்று பொருள். அவளுடைய பெட்டி அதையும் ஓர் அழுத்தலாகவே எடுத்துக்கொண்டிருந்தது. விடுதலைச் செய்தியை வடிகட்ட 'ஸ்டிரிப்நோட்' என்ற பெட்டியை அவளே தேடிப் பிடித்து நடுவில் வைத்தாள். தீர்ந்தது.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவும் இல்லை. நடுவில் எடுத்துப் பார்க்க அவருக்குப் பொழுதில்லை, அவ்வளவுதான். ஆனால் பழுது எங்கே என்று தெரியாதவர் முழுச் சாமானுக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையை அதிகமாகக் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள்: கையில் கொஞ்சமாகப் பணம் உள்ளவர்கள், எது நடந்தாலும் தாங்கள்தான் காரணம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு முதலில் தேவை, சங்கிலியின் எந்தக் கண்ணி வரைக்கும் நன்றாக இருக்கிறது என்று தாங்களே பார்க்கும் தைரியம். அது வந்துவிட்டால் பாதிப் பழுதுகள் பழுதுகளே அல்ல என்று தெரிந்துவிடும்.

அன்று மாலை அந்தப் பெண் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதிக் கீபோர்டின் அடியில் ஒட்டினாள்: 'விளக்கு மினுக்குகிறதா? பட்டியலில் முதல் பெயர் எது? எண் வருகிறதா? எந்த வாசல்?'

தகப்பனார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அஞ்சாவதா ஒண்ணு எழுதிக்கோ கண்ணு" என்றார்.

"என்னப்பா?"

"இத்தனையும் பாத்த அப்பால கடைக்குப் போ."