முதலில் நிறுத்த வேண்டியவை

அரிப்பு என்று வருபவரிடம், "இதுவரை தோலில் என்னென்ன போட்டீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், வீட்டிலிருக்கும் ட்யூப், சோப்பு, எண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள் என்பேன். பையை மேசைமேல் கவிழ்த்ததுமே நோயின் வரலாறு பாதி தெரிந்துவிடும். கிருமிநாசினி சோப்பு, குளிக்கிற தண்ணீரில் ஊற்ற ஒரு திரவம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம், அது கேட்கவில்லை என்று நாத்தனார் சொல்லி வாங்கிய இன்னொரு க்ரீம். தோல் மருத்துவத்தில் மருந்து எழுதப் படித்துக்கொள்ளலாம். எதை நிறுத்தச் சொல்வது, அதை அவர் மனம் ஏற்கும்படி எப்படிச் சொல்வது என்பது கைவர நாளாகும்.

தோலில் நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எலிசபெத் கிரைஸும் ஜூலியா செக்ரேயும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 10 பேரின் உடலில் 20 இடங்களில் மாதிரி எடுத்து, அங்கே வாழும் பாக்டீரியாக்களை மரபணுவை வைத்து அடையாளம் கண்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள மூக்கோரத்தில் ஒரு கூட்டம், ஈரமான அக்குளில் வேறொரு கூட்டம், வறண்ட முன்கையில் பலவகையும் கலந்த கூட்டம். யார் என்பதைவிட உடம்பில் எந்த இடம் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. என் வேலைக்கு இது மிக முக்கியம். கால்விரல் இடுக்குக்குச் சரியாக இருப்பது முன்கைக்குச் சரியாக இருக்காது.

இவை வெறுமனே குடியிருப்பவை அல்ல. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியாவைப் பருவோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். பருவே இல்லாத முகத்திலும் அது ஏராளமாக இருக்கிறது. தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. தோல் சற்றுப் புளிப்பாக, பிஹெச் அளவில் 5-ஐ ஒட்டி இருப்பதில் அந்த அமிலங்களுக்கும் பங்குண்டு. தோலின் இந்த அமிலப் போர்வையைப் பற்றி ஜெர்மனியில் ஷாடேயும் மார்கியோனினியும் 1928-லேயே எழுதிவிட்டார்கள். நாம் தேய்க்கும் கட்டிச் சோப்போ பெரும்பாலும் 9, 10 என்ற காரநிலையில் இருக்கிறது. ஒருமுறை தேய்த்துக் குளித்தால் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். காலையும் மாலையும் தேய்ப்பவருக்கு, அதுவும் ஏற்கெனவே வறண்ட தோல்காரருக்கு, அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

அதனால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போதும் என்கிறேன். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். நம் ஊர் வெயிலில் இரண்டு வேளைக் குளியலை யாரும் விட வேண்டியதில்லை. நார் போட்டுத் தேய்ப்பதைத்தான் விட வேண்டும். "நுரை வராம அழுக்கு எப்படிப் போகும் டாக்டர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒர்க் ஷாப்பில் கிரீஸோடு வேலை செய்கிறவருக்கு நுரை வேண்டும், குளித்த ஈரத்தோடு தடவ எண்ணெயும் வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அத்தனை அழுக்கு ஏது?

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது படர்தாமரை விஷயத்தில். இந்தியா முழுக்க இந்த நோயின் முகமே மாறிவிட்டது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயர் பெற்ற பூஞ்சை, வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினாஃபைனுக்குப் பல நேரங்களில் அடங்குவதில்லை. இந்தப் பரவலுக்குத் துணைபோன காரணங்களில் ஒன்று கலவை க்ரீம். வீரியமான ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாடிக், மூன்றும் ஒரே ட்யூபில். ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கும். ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடவே தொடாது. அங்கே காலங்காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அடிபடும். ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. பைகளில் அந்த ட்யூப்கள் இன்னும் வருகின்றன.

அப்படித் தடவிய தொடையில் படர்தாமரையின் வளையமே தெரியாது. லேசான சிவப்பும் மினுமினுப்பும்தான் இருக்கும். பார்த்தவுடன் வேறு நோய் என்று தோன்றும். ஓரத்தில் மழுங்கிய பிளேடால் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும்: இழை இழையாகப் பூஞ்சை. வெளியே அடங்கியிருக்கும், உள்ளே செழித்திருக்கும். நோயாளியையும் கூப்பிட்டு அதைக் காட்டுவேன். பேச்சு செய்யாததை அந்தக் காட்சி செய்யும். ட்யூபைத் தாங்களாகவே குப்பைக் கூடையில் போடுவார்கள்.

தேமல் வேறு கதை. "யாருகிட்ட இருந்து ஒட்டுச்சு?" என்று கேட்டு, பிள்ளைக்குத் தனித் துண்டு, தனித் தட்டு வைக்கும் அம்மாக்களைப் பார்க்கிறேன். தேமலுக்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் இருப்பது. எண்ணெய்ப் பசையை உண்டு சாதுவாக வாழ்கிறது. வெக்கையும் வியர்வையும் கூடும்போது வடிவம் மாறிப் படர்கிறது, நிறமி உண்டாவதைக் குறைக்கிறது. மருந்தில் அது அடங்கிய பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மேலும் மேலும் தடவுவார்கள். நகத்தால் லேசாகச் சுரண்டியும் செதில் உதிராவிட்டால் போதும், இனி காத்திருங்கள் என்பேன். அடுத்த கோடையில் திரும்பலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். அதை உடம்பிலிருந்து ஒரேயடியாக விரட்ட முடியாது, விரட்டவும் தேவையில்லை.

கரப்பான் வந்த குழந்தைகளிடம் ஹைடி காங் குழுவினர் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. நோய் முற்றும்போது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகி, மற்ற வகைகள் ஒடுங்குகின்றன. சிகிச்சையில் பன்மை திரும்புகிறது. ஆகவே அளவறிந்து கொடுக்கும் ஸ்டீராய்டு இங்கே பகையல்ல, துணை. படர்தாமரைக்குத் தடவக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கரப்பான் குழந்தைக்கும் நிறுத்திவிடும் பெற்றோரிடம் இதை இரண்டு முறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல பாக்டீரியாவைத் தோலில் பூசுவது பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். ரிச்சர்ட் காலோ குழுவினர் மனிதத் தோலிலிருந்தே பிரித்த ஒரு பாக்டீரியாவைக் கரப்பான் நோயாளிகள் 54 பேரை வைத்துச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். பூசியவர்களிடம் ஆரியஸ் குறைந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம். ஆனால் அது ஒரு வாரச் சோதனை. கடையில் அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் பல க்ரீம்களில் உயிருள்ள பாக்டீரியாவே இல்லை. நான் அவற்றை எழுதுவதில்லை. சாதாரண ஈரப்பதக் களிம்பை, குளித்த ஈரம் காய்வதற்குள், தவறாமல் தடவினால் போதும்.

பச்சைக் குழந்தை வீட்டுக்கு வந்ததும் பாட்டிகளோடுதான் பேச்சு நீளும். பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்பிசுக்கை உடனே தேய்த்துக் கழுவ வேண்டாம், முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறகும் பயத்தமாவு போட்டு முடி உதிரத் தேய்ப்பது வேண்டாம். தேங்காயெண்ணெய் வேண்டுமானால் மெல்லப் பூசுங்கள். உச்சந்தலையில் செதில் படிந்திருந்தால் அங்கே மட்டும் எண்ணெயை ஊறவிடாதீர்கள், அது மலசீசியாவுக்குத் தீனி. "எங்க காலத்துல..." என்று பாட்டி தொடங்குவார். கேட்டுக்கொள்வேன். பூசுவது அவர் கைதான். அவர் ஒப்புக்கொண்டால்தான் நான் எழுதியது நடக்கும்.